பன்யன் நூல்களில் இல்லமும் மீட்பும்

ஆங்கிலச் சமய எழுத்தாளர் ஜான் பன்யன் (1628–1688) இயற்றி 1678இல் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்' தமிழ் பயில்வார்க்குப் புதியதன்று. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அந்நூலைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் பெருங்காப்பியத்தை இயற்றி 1894இல் வெளியிட்ட பின்னர், அக்கதை நம் இலக்கிய வரலாற்றுக்கும் உரியதாயிற்று. ஆங்கில நூலின் தொடக்கத்தில் ஒரு காட்சி உண்டு. கந்தை உடுத்து, முதுகிற் பெருஞ்சுமை தாங்கி, கையிலுள்ள மறைநூலைப் படித்து நடுங்கும் ஒருவன், தான் வாழும் நகர் எரியுண்டு அழியப்போவதை உணர்கின்றான். நற்செய்தியாளர் ஒருவர் காட்டிய ஒளியை நோக்கி ஓடத் தொடங்குகின்றான். வாயிலைக் கடந்து நெடுந்தொலைவு செல்லுமுன்பே மனைவியும் மக்களும் கண்டு, திரும்பி வருமாறு கதறுகின்றனர். அவனோ விரல்களால் இரு செவிகளையும் அடைத்துக்கொண்டு, நிலைவாழ்வு வேண்டும் என்று கூவியவாறு, திரும்பிப் பாராமல் ஓடுகின்றான்.

இக்காட்சியைத் தமிழ் மாணவர் பலர் துறவு என்றே கொள்கின்றனர். அங்ஙனம் கொள்ளுதற்கு இடமும் உண்டு. மனைவி மக்களைப் பிரிந்து மெய்ப்பொருள் நாடிச் சென்றோரைப் போற்றும் மரபிலே வளர்ந்த நமக்கு, கிறிஸ்தியானின் ஓட்டம் சித்தார்த்தன் நள்ளிரவில் அரண்மனை நீங்கியதையும், பட்டினத்தார் தம் பெருஞ்செல்வத்தை உதறியதையும் நினைவூட்டுகின்றது. துறவு என்று பெயரிட்டவுடன் காட்சியின் முள் ஒடிந்துவிடுகின்றது. கதறுகின்ற மனைவி 'பற்று' என்பதன் உருவமாகின்றாள். அவள் அழுகைக்கு விடை சொல்லவேண்டிய கடப்பாடு ஆசிரியர்க்கு இல்லாமற் போகின்றது. பன்யன் அவ்வாறு கருதவில்லை என்பதும், அந்தக் கதறலுக்கு விடை தேடி அவர் பல்லாண்டுகள் எழுதினார் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

பன்யன் சார்ந்திருந்த சீர்திருத்தச் சமயத்தில் துறவற நிலை என்பதே இல்லை. அச்சமயத்தின் முதல்வராகிய லூதர் துறவு நீங்கி 1525இல் மணம் புரிந்துகொண்டவர். பன்யன் இருமுறை மணந்தவர். சிறையில் இருந்தபோது எழுதிய 'கிறிஸ்தவ ஒழுக்கம்' என்னும் உரைநூலில் (1663) கணவன் கடன், மனைவி கடன், பெற்றோர் கடன், மக்கள் கடன் என இல்லறக் கடமைகளையே வகுத்துக் கூறுகின்றார். நாம் இல்லறவியல் என்று வழங்குவதற்கு ஒப்பான நூல் அது. அதை எழுதிய கையே செவியடைத்து ஓடும் காட்சியையும் எழுதியது. ஓட்டம் வெறும் உருவகமே, ஆன்மாவின் உட்பயணமே, உண்மையில் எவரும் எவரையும் விட்டுப் போகவில்லை என்று கூறி அமைவாரும் உளர். உருவகம்தான், ஐயமில்லை. ஆயினும் உருவகத்துக்கு வேண்டியது ஓட்டம் மட்டுமே. பின்னால் நின்று அழுகின்ற பிள்ளைகள் அதற்குத் தேவையில்லை. அவர்கள் ஆசிரியரின் வாழ்க்கையிலிருந்து வந்தவர்கள்.

அவ்வாழ்க்கையை அறிதற்கு அவர் தாமே 1666இல் வெளியிட்ட 'பெருகிய அருள்' என்னும் தன்வரலாறு போதும். எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலாளியின் மகன். தாமும் அத்தொழிலே செய்தவர். முதல் மணத்தின்போது கணவன் மனைவி இருவரிடத்தும் ஒரு தட்டோ கரண்டியோ கூட இல்லை என்று எழுதுகின்றார். அவள் கொணர்ந்த சீதனம், இறந்த தந்தை விட்டுச்சென்ற இரண்டு பக்திநூல்கள். அவற்றை இருவரும் சேர்ந்து படித்ததிலேதான் பன்யனின் சமயத் தேட்டம் தொடங்குகின்றது. அத்தேட்டத்தின் முதல் அடி வீட்டுக்குள்ளேயே, மனைவி கொணர்ந்த நூலைக் கொண்டே வைக்கப்பட்டது என்பது குறித்துக்கொள்ளத் தக்கது. அந்நூல்களின் பெயரை ஆசிரியர் சொல்கின்றார். மனைவியின் பெயரை எங்கும் சொல்லவில்லை. வேறு ஆவணங்களிலும் அப்பெயர் கிடைக்கவில்லை.

பின்னர் வந்தது பல ஆண்டுத் துன்பம். தாம் கைவிடப்பட்டவர் என்னும் அச்சம். இறைவனைப் பழிக்கும் சொற்கள் தாமாகவே உள்ளத்தில் எழுதல். இறுதியாகக் கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு என்று இடைவிடாது தூண்டும் ஒரு குரல். உண்ணும்போதும், குனிந்து ஊசி எடுக்கும்போதும், விறகு பிளக்கும்போதும் அக்குரல் ஓர் ஆண்டு அளவும் விடவில்லை என்கின்றார். ஒருநாள் காலை படுக்கையில், போராடிச் சலித்த நிலையில், அவர் விரும்பினால் போகட்டும் என்ற எண்ணம் உள்ளத்திற் கடந்து செல்கின்றது. அதன்பின் ஈராண்டுக்கு மேலாக ஏசாவைப்போலத் தம் பிறப்புரிமையை விற்றுவிட்டதாகவே வருந்தினார். உளநூல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வெளியிட்ட சமய அனுபவங்கள் பற்றிய பெருநூலில் பன்யனை நோயுற்ற ஆன்மாவுக்குச் சான்றாக எடுத்துக்காட்டினார். அந்நோயின் பெயர் யாது என்பது நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவதன்று. நமக்கு வேண்டிய வினா வேறு. அவர் உணவை வெறுத்து எழுந்தபோது எதிரே அமர்ந்திருந்தவர் யார்? விறகு பிளக்கையில் தமக்குள் மறுமொழி கூறிக்கொண்டு நின்ற கணவனை வாயிலிலிருந்து பார்த்தவள் யாது நினைத்தாள்? 1650இல் பிறந்த மூத்த மகள் மேரி கண்பார்வை அற்றவள். தந்தையின் முகத்தைக் காணாமல் குரலை மட்டும் கேட்டு வளர்ந்தவள் எதைக் கேட்டாள்? இவற்றைப் பற்றி நூல் பேசுவதில்லை. தன் உள்ளத்தை அணு அணுவாக ஆய்கின்ற அந்நூலில் வீட்டார் ஏறக்குறைய நிழல்களாகவே உள்ளனர்.

'ஏறக்குறைய' என்றதற்குக் காரணம் உண்டு. இரண்டு இடங்களில் அந்நிழல் உருப்பெறுகின்றது. ஒன்று, மனைவி கருவுற்றிருந்தபோது காலமல்லாக் காலத்தில் இடுப்புவலி கண்டு அலறிய இரவு. பன்யன் அருகே படுத்தவாறு, வாய்திறவாமல், இவ்வலி இவளை விட்டு நீங்குமாயின் உள்ளத்து மறைபொருளையும் இறைவன் அறிவான் என்று தெளிவேன் என நெஞ்சுக்குள் வேண்டுகின்றார். வலி தணிந்து அவள் உறங்கிவிடுகின்றாள். வேண்டுதலுள் இரு நோக்கங்கள் பிணைந்து கிடக்கின்றன: மனைவியின் துயர் நீங்கவேண்டும், தம் ஐயமும் நீங்கவேண்டும். அவளுடைய வலியைத் தம் ஐயத்துக்கு உரைகல் ஆக்கிக்கொண்டாரே என்று குறைகூறுவார் குறைகூறலாம். அவர் அதனை மறைக்காமல் எழுதியிருப்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

மற்றையது இன்னும் சிறந்த இடம். இருளடைந்த சில நாட்களுக்குப் பின் ஒரு மாலை அடுப்படித் தீயருகே அமர்ந்திருக்கின்றார். இயேசுவிடம் செல்லவேண்டும் என்னும் சொற்றொடர் உள்ளத்தில் திடீரென ஒலிக்கின்றது. மனைவியை நோக்கி, இப்படியொரு வசனம் மறையில் உண்டா என்று வினவுகின்றார். தெரியவில்லையே என்கின்றாள் அவள். இரண்டு மூன்று மணித்துளி கழிந்து எபிரேயர் நிருபத்தின் பகுதி ஒன்று அவர் நினைவுக்குப் பாய்ந்து வருகின்றது. அவ்விரவு மகிழ்ச்சி மிகுதியால் படுக்கையிற் கிடக்கவும் இயலவில்லை. நூல் முழுவதிலும் கணவனும் மனைவியும் உரையாடுவது இவ்வோர் இடத்தில்தான் என்று சொல்லலாம். அவள் விடை ஒரு சிறு தொடர். அதுவும் இல்லை என்னும் விடை. ஆயினும் பல்லாண்டு தமக்குள்ளேயே வழக்காடிக் களைத்த ஒருவர் வாய்திறந்து அருகிலிருப்பவளைக் கேட்ட அளவிலே விடுதலை வருகின்றது. நற்செய்தி உரைகளும் பெட்போர்டு நகரத்து ஏழைப் பெண்களின் பேச்சும் செய்த உதவியைத் திறனாய்வாளர் விரித்துரைத்துள்ளனர். இத்தீயருகுக் காட்சிக்கு உரிய இடம் இதுகாறும் தரப்படவில்லை.

அம்மனைவி 1658இல் நான்கு மக்களை விட்டு இறந்தாள். அடுத்த ஆண்டு பன்யன் எலிசபெத்து என்பாளை மணந்தார். 1660 நவம்பரில், உரிமம் இன்றிச் சமயவுரை ஆற்றினார் என்ற குற்றத்துக்காகச் சிறைப்பட்டார். இனி உரை நிகழ்த்தேன் என்று ஒரு சொல் கூறியிருப்பின் வீடு திரும்பியிருக்கலாம். அச்சொல்லைக் கூறாமையால் 1672 வரை பன்னிரண்டு ஆண்டுகள் பெட்போர்டுச் சிறையில் கழிந்தன. காலணிக் கயிறுகளுக்கு நுனி கட்டி விற்று, அதனால் வந்த சிறு வருவாயை வீட்டாருக்கு உதவினார். இப்பகுதியை எழுதும்போது 'பெருகிய அருள்' வேறொரு நூலாகிவிடுகின்றது. மனைவி மக்களைப் பிரிவது எலும்பிலிருந்து தசையைப் பிய்ப்பது போன்றது என்கின்றார். பார்வையற்ற குழந்தை பசியாலும் குளிராலும் வாடுவதை நினைந்து நெஞ்சு துண்டாகின்றது என்கின்றார். தன் வீட்டைத் தானே இடித்து மனைவி மக்கள் தலைமேல் தள்ளுபவன்போல் இருக்கின்றேன். ஆயினும் செய்தே ஆகவேண்டும் என்கின்றார். தொடர்ந்து ஓர் உவமை. பெலிஸ்தர் உடன்படிக்கைப் பெட்டியை வண்டியில் ஏற்றிக் கறவைப் பசுக்கள் இரண்டைப் பூட்டி அனுப்பினர். கன்றுகள் பின்னே கொட்டிலில் அடைபட்டிருந்தன. பசுக்கள் கதறிக்கொண்டே, வழிமாறாமல் பெட்டியை இழுத்துச் சென்றன. இப்பழைய ஏற்பாட்டுச் செய்தியைத் தமக்கு உவமையாக்குகின்றார்.

இவ்வுவமையையும் செவியடைத்து ஓடும் காட்சியையும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். கறவைப் பசு செவியை அடைத்துக்கொள்ளவில்லை. கன்றின் குரல் அதற்குக் கேட்கின்றது, தானும் கதறுகின்றது, மடி கனக்கின்றது. பற்றறுத்த நிலை அன்று அது. பற்று முழுவதும் உள்ளிருக்கவே நடக்கும் நடை. துறவிக்கு இவ்வுவமை பொருந்தாது. பன்யன் தம் பிரிவைத் துறவாகக் கருதவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அங்ஙனமாயின் பன்னிரண்டு ஆண்டு கழித்து எழுந்த 'மோட்சப் பிரயாண'த்தில் செவியடைப்பது ஏன்? கதையாகப் புனையும்போது மனம் தனக்கு வேண்டிய எளிமையைத் தேடிக்கொள்ளும் என்பதே என் விடை. ஆனால் அவ்வெளிமை ஆசிரியரை நெடுநாள் அமைதியாயிருக்க விடவில்லை. நூலின் முதற்பதிப்பும் இரண்டாம் பதிப்பும் 1678ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. இரண்டாம் பதிப்பில் ஆசிரியர் சேர்த்தவற்றுள் உலகியல் ஞானியின் பகுதி பலரும் அறிந்தது. அதனினும் கருதத்தக்க சேர்க்கைகள் இரண்டு. இரண்டும் வீட்டைப் பற்றியவை.

முதலாவது, கிறிஸ்தியான் தன் துயரை வீட்டாரிடம் வெளியிடும் பகுதி. மனைவி மக்கள் அறியாதபடி அடக்கிவைக்க முயல்கின்றான், முடியவில்லை. ஒருநாள் மனம் திறந்து பேசுகின்றான். அவர்கள் திகைக்கின்றனர், அவன் சொல்வதை நம்பியதனால் அன்று, அவன் சித்தம் கலங்கிவிட்டதோ என்னும் அச்சத்தால். இரவு நெருங்குகின்றது; உறங்கினால் தெளியும் என்று அவசரமாகப் படுக்க வைக்கின்றனர். அவன் இரவெல்லாம் பெருமூச்சும் கண்ணீருமாய்க் கிடக்கின்றான். விடிந்ததும் எப்படியிருக்கிறது என்று வந்து கேட்கின்றனர். மேலும் கூடிவிட்டது என்கின்றான். அதன்பிறகே அவர்கள் மனம் கடுக்கின்றது. ஒருகால் ஏளனம், ஒருகால் கடிதல், ஒருகால் பாராமுகம். இல்லத்தில் ஒருவர் உளநோயுற்றால் நிகழ்வது என்ன என்பதை இத்துணைச் சில தொடர்களில் இத்துணை நேர்மையாகக் கூறிய பகுதி அக்கால உரைநடையில் அரிது. அச்சம் முதலில், பரிவு அடுத்து, சலிப்பு அதன்பின் என்னும் முறைவைப்பு அனுபவத்திலிருந்து வந்தது. 'பெருகிய அருள்' உள்ளிருந்து காட்டிய நோயையே இப்பகுதி வீட்டார் கண்வழியே காட்டுகின்றது. உணவு வேளையில் எதிரே அமர்ந்திருந்தவர் யார் என்னும் வினாவுக்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்து விடை வந்தது.

இரண்டாவது, எழில்மாளிகையில் அன்பு என்னும் நங்கை கிறிஸ்தியானை வினவும் பகுதி. உனக்குக் குடும்பம் உண்டா என்கின்றாள். மனைவியும் நான்கு சிறு பிள்ளைகளும் உண்டு என்கின்றான். ஏன் உடன் கொண்டுவரவில்லை என்ற அளவிலே அழுகின்றான். அவள் விட்டுவிடவில்லை. அவர்களுக்கு எடுத்துரைத்தாயா? அவர்களுக்காக வேண்டினாயா? உன் வாயுரைத்ததை உன் நடத்தை கெடுத்ததா? அடுக்கடுக்கான இவ்வினாக்கள் மன்றத்தில் வழக்குரைஞர் தொடுப்பவை போல் உள்ளன. தன்பால் பல குறைகள் உண்டு என்று அவன் ஒப்புகின்றான். ஆயினும் அவர்களுக்கு இடறலாகாதவாறு விழிப்பாயிருந்தேன் என்கின்றான். முடிவில் அவர்கள் இரத்தப்பழி உன்மேல் இல்லை என்று தீர்ப்பளிக்கின்றாள் அன்பு. அவளை வினவ வைத்தவரும் அவள்வாய்த் தீர்ப்பளித்தவரும் ஒருவரே என்பதை நாம் மறக்கலாகாது. வினாக்களின் கூர்மைக்குத் தீர்ப்பு ஈடாகவில்லை என்பதே என் கருத்து. அழுகை உண்மையானது, விடுதலை விரைவானது.

கிருஷ்ணபிள்ளை தழுவியது இந்த முதற்பாகத்துக் கதையையே. ஐந்து பருவங்களும் 3,766 பாடல்களும் கொண்ட அவர் காப்பியத்தை ஈண்டு விரித்து ஆராய இடமில்லை; ஒன்று மட்டும் கூறலாம். ஒப்பற்ற தலைவன் காப்பியத்துக்கு வேண்டும் என்பது தண்டியலங்கார விதி. சுமை தாங்கி நடுங்குபவன், வீட்டாரைத் தேற்ற இயலாதவன், அவ்விதிக்கு எளிதில் அடங்கான். குமார பருவத்திலே கிறிஸ்துவின் பாடுகளை விரிவாகப் பாடியமையால் ஒப்பற்ற தலைவன் காப்பியத்துக்கு வாய்த்துவிட்டான். அதன் பயனாக நம் கண் கைவிடப்பட்ட இல்லத்திலிருந்து சிலுவைக்குச் செல்கின்றது. 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றபோது கிருஷ்ணபிள்ளையும் இல்லறத்தார். வைணவக் குடியிற் பிறந்தவர். வீட்டாரின் அழுகை அவருக்கு ஏட்டறிவன்று. தமிழுலகு பன்யனை அவர் வழியே முதற்பாக அளவில் அறிந்தமையால் 1684இல் வெளிவந்த இரண்டாம் பாகம் நம்மிடையே உரிய கருத்தைப் பெறவில்லை.

இரண்டாம் பாகத்தின் தலைவி விட்டுச்செல்லப்பட்ட மனைவியே. கணவன் ஆற்றைக் கடந்து மறைந்தபின் அவன் சிந்திய கண்ணீர் அவள் நெஞ்சை அறுக்கின்றது. அவன் துயரை அறிவற்ற கற்பனை என்றும் உடற்கூறு மிகுந்து வந்த மனச்சோர்வு என்றும் எண்ணினேனே என்று வருந்துகின்றாள். நான்கு மைந்தரையும் மெர்சி என்னும் இளநங்கையையும் உடன்கொண்டு புறப்படுகின்றாள். அவளுக்கு இப்போதுதான் பெயர் கிடைக்கின்றது: கிறிஸ்தியானாள். அதுவும் கணவன் பெயரின் பெண்பால்.

ஈண்டு என் குறையைச் சொல்லிவிடல் நலம். முதற்பாகத்தில் கணவன்மேல் இருந்த பழியை அன்பு துடைத்தாள். இரண்டாம் பாகத்தில் அது முற்றும் மனைவிமேல் ஏறுகின்றது. நோயுற்றவனைப் படுக்க வைத்து, விடிந்ததும் எப்படியிருக்கிறது என்று கேட்டவர்களுக்கு இஃது அறமாகாது. தம் தன்வரலாற்றில் வீட்டை இடிப்பவன் நானே என்று எழுதிய ஆசிரியர், கதையில் மனைவியை மன்னிப்புக் கேட்க வைக்கின்றார்.

ஆயினும் இப்பாகத்தின் நடை அக்குறையைப் பெரிதும் ஈடுசெய்கின்றது. நடை என்றது சொல்நடையை அன்று, பயணத்தின் நடையை. முதற்பாகத்தில் ஓட்டம், இங்கே குழந்தைகளின் காலுக்கு இசைந்த மெதுநடை. வழிகாட்டியாகப் பேருள்ளத்தான் என்னும் வீரன் உடன்வருகின்றான். மூத்த மகன் பகைவன் தோட்டத்துக் கனியைத் தின்று வயிற்றுவலியாற் துடிக்க, மருத்துவர் வரவழைக்கப்படுகின்றார். வழியில் திருமணங்கள் நிகழ்கின்றன. ஊன்றுகோல் கொண்டு நொண்டி நடப்பவனும், நெஞ்சுரமற்றவனும், சோர்வன் என்னும் முதியவனும் அவன் மகளும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்படுகின்றனர். விரைந்து நடக்குமாறு எவரும் அவர்களை நெருக்குவதில்லை. கிறிஸ்தியான் அரக்கனோடு பொருது குருதி சிந்திய தாழ்மைப் பள்ளத்தாக்கு, இவர்கள் வரும்போது ஆட்டிடைச் சிறுவன் பாடும் பசும்புல்வெளியாக இருக்கின்றது. 1672க்குப் பின் பெட்போர்டுச் சபையின் போதகராய் நோயாளர், கைம்பெண்கள், மனம் ஒடிந்தோர் இடையே வாழ்ந்த அனுபவம் இப்பக்கங்களில் ஊறியிருக்கின்றது. முதற்பாகமே கலைச்சிறப்பு மிக்கது என்னும் பொதுக்கருத்தை நான் மறுக்கவில்லை. தனியொருவன் நெருக்கடி கதைக்கு இறுக்கம் தரும். குடும்பத்தின் நடை தளர்ச்சி தரும். அத்தளர்ச்சியைப் பன்யன் அறிந்தே ஏற்றார் என்பது என் எண்ணம்.

எஞ்சி நிற்பவள் எலிசபெத்து. கணவனைக் கதறி அழைத்த மனைவியின் உருவுக்கு அவள் மாதிரி அல்லள். பன்யன் தம் சிறைவாழ்வு பற்றி எழுதிவைத்த குறிப்பு அவர் மறைந்து 77 ஆண்டு கழித்து 1765இல் அச்சேறியது. 1661 ஆகஸ்டில் பெட்போர்டு நகரத்து அன்னவிடுதிக் கூடத்தில் நீதிபதிகள் மாத்தியூ ஹேல், டுவிஸ்டன் ஆகியோர்முன் அவள் நின்று வாதிட்டது அதில் உள்ளது. அதற்கு முன்பே இலண்டன் சென்று பிரபு ஒருவரிடம் மனுக்கொடுத்து வந்தவள். ஊரில் நீதிபதி ஏறிச்சென்ற வண்டிக்குள் மனுவை எறிந்தவள். உன் கணவன் உரை நிகழ்த்துவதை விடுவானா என்று கேட்டபோது, பேச இயலும் அளவும் விடத் துணியார் என்கின்றாள். நான்கு சிறு பிள்ளைகள் இருக்கின்றனர், ஒருத்திக்குக் கண் இல்லை, நல்லோர் இடும் பிச்சையன்றி வாழ்வுக்கு வழியில்லை என்கின்றாள். இவ்வளவு இளம்பெண்ணுக்கு நான்கு பிள்ளைகளா என்று ஹேல் வியக்கின்றார். நான் சிற்றன்னை, மணமாகி இரண்டு ஆண்டு நிறையவில்லை, கணவரைப் பிடித்த செய்தி கேட்டு அதிர்ந்து, எட்டு நாள் பேற்றுநோவில் கிடந்தேன், பிறந்த குழந்தை இறந்தது என்கின்றாள். வறுமையைப் போர்வையாக்கிக்கொள்கின்றாய் என்கின்றார் டுவிஸ்டன்.

கணவனைத் திரும்ப அழைக்கும் சொல் அவள் வாயில் ஒன்றுகூட இல்லை. பதினேழு ஆண்டு கழித்து, எழில்மாளிகையில் உனக்குக் குடும்பம் உண்டா என்று கேட்கப்பட்டபோது கிறிஸ்தியான் கூறும் விடையில் வருவது அவள் நீதிபதிகள்முன் சொன்ன தொடரே: நான்கு சிறு பிள்ளைகள்.